உங்களுக்குத் தெரியுமா? தசை வலிக்கு மருந்தே இல்லாத ஊசி!

கழுத்தைத் திருப்ப முடியவில்லை, தோள்பட்டை இறுகிக் கிடக்கிறது, இடுப்பு பிடித்துக்கொண்டது. ஜொகூர் பாருவில் இந்தப் புலம்பல் கேட்காத வீடு குறைவு. விடியுமுன் மோட்டாரில் சிங்கப்பூர் வேலைக்குக் கிளம்புகிறவர்கள், பாசீர் கூடாங் தொழிற்சாலைகளில் நின்றபடியே ஷிப்டு முடிக்கிறவர்கள், நாள் முழுக்க லோரி ஓட்டுகிறவர்கள் என உடம்பை வருத்திப் பிழைப்பவர்கள் நிறைந்த ஊர் இது. தைலம், உருவுதல், வலி மாத்திரை என்ற பழைய வரிசையில் இப்போது 'டிரை நீட்லிங்' எனப்படும் உலர் ஊசி சிகிச்சையும் சேர்ந்திருக்கிறது. படுக்கையில் குப்புறப் படுப்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை இதோ.

மருந்து எங்கே?
இந்த ஊசிக்குள் மருந்து இல்லை. மருந்து போக ஓட்டையும் இல்லை. முழுக்க எஃகாலான மெல்லிய கம்பி அது. வலிக்குக் காரணமான தசைக்குள் அதைச் செலுத்தி, சில நொடிகளோ சில நிமிடங்களோ வைத்திருந்து எடுத்துவிடுகிறார்கள். மாற்றத்தை உண்டாக்குவது ஊசி முனையின் தூண்டுதல்தான்.

எவ்வளவு மெல்லியது?
கிளினிக்கில் நாம் போட்டுக்கொள்ளும் ஊசி பெரும்பாலும் 0.6 முதல் 0.8 மில்லிமீட்டர் தடிமன் கொண்டது. உலர் ஊசியோ 0.16 முதல் 0.30 மில்லிமீட்டர்தான். அதனால்தான் தோலில் நுழையும்போது பலருக்கு ஒன்றுமே தெரிவதில்லை. தசைக்குள் சரியான இடத்தைத் தொடும்போதுதான் உறைக்கும்.

குறி எது?
இறுகிப்போன தசையை விரலால் குறுக்காகத் தடவினால், முறுக்கிய கயிறு போல ஒரு பட்டை தட்டுப்படும். அந்தப் பட்டையில் ஒரு புள்ளியை அழுத்தினால் உயிர் போகிற வலி. அந்தத் தசை முடிச்சுதான் ஊசியின் குறி. தோள்பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவிலுள்ள தசையில் இது மிகச் சாதாரணம்.

வலிப்பது ஓர் இடம், காரணம் வேறிடம்
1930-களில் லண்டனில் ஜோனாஸ் கெல்கிரன் என்ற மருத்துவர், தசைகளுக்குள் உப்புநீரைச் செலுத்தி, வலி எங்கெங்கே பரவுகிறது என்று வரைபடம் போட்டார். 1938-இல் வெளியான அவர் ஆய்வு ஒன்றைத் தெளிவாக்கியது: குத்திய இடத்தில் மட்டுமல்ல, தள்ளியிருக்கும் இடத்திலும் வலி தோன்றும். தோள் எலும்பின் பின்புறத் தசையில் முடிச்சு இருந்தால் தோளின் முன்பக்கம் வலிக்கலாம். புட்டத்தின் உள்தசை இறுகினால் வலி கால் வழியாக இறங்கி, நரம்பு நசுங்கியதைப் போலவே தோன்றலாம். நல்ல பிசியோதெரபிஸ்ட் வலிக்கிற இடத்தோடு நிறுத்தாமல் சுற்றுவட்டாரம் முழுவதையும் தொட்டுப் பார்ப்பது இதனால்தான்.

துள்ளும் தசை
ஊசி முடிச்சைச் சரியாகத் தொட்டால் அந்தத் தசை ஒரு கணம் தானாகவே துள்ளும். படுத்திருப்பவர் திடுக்கிடுவார். பயப்பட ஒன்றுமில்லை. தண்டுவடம் வழியாக நடக்கும் ஓர் அனிச்சைச் செயல் அது. அந்தத் துள்ளல் வந்தால்தான் பலன் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. துள்ளாவிட்டாலும் பலருக்கு வலி குறைவதால், அது கட்டாயமா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

முடிச்சுக்குள் என்ன இருக்கிறது?
அமெரிக்காவின் தேசிய சுகாதாரக் கழகத்தைச் சேர்ந்த ஜெய் ஷா என்ற மருத்துவர், மிக நுண்ணிய ஊசி ஒன்றால் தசை முடிச்சுக்குள் இருக்கும் திரவத்தைச் சேகரித்து 2005-இல் ஆய்வை வெளியிட்டார். வலியைக் கிளப்பும் பிராடிகைனின், சப்ஸ்டன்ஸ் பி போன்ற பொருள்கள் அங்கே கூடுதலாக இருந்தன. அமிலத்தன்மையும் அதிகம். தசை துள்ளிய பிறகு அவற்றில் சிலவற்றின் அளவு இறங்கியது. சிலரைத்தான் சோதித்தார்கள் என்றாலும், 'எல்லாம் மனப்பிரமை' என்று வலிக்காரர்களை ஒதுக்கியவர்களுக்கு அது ஒரு பதில்.

தொப்பி ஊசியால் இடுப்பு வலி சிகிச்சை!
நவீன மருத்துவக் கல்வியின் முன்னோடிகளில் ஒருவரான வில்லியம் ஓஸ்லர் 1892-இல் தம் புகழ்பெற்ற மருத்துவப் பாடநூலை வெளியிட்டார். திடீர் இடுப்புப் பிடிப்புக்கு அதில் அவர் சொன்ன வழி, மூன்று நான்கு அங்குல ஊசியை வலிக்கும் தசையில் செலுத்திச் சில நிமிடங்கள் கழித்து எடுப்பது. பெண்கள் தொப்பியில் குத்தும் ஊசியையே சுத்திகரித்துப் பயன்படுத்தலாம் என்றும் எழுதினார். இதை இன்று யாரும் வீட்டில் செய்து பார்க்கக் கூடாது.

கென்னடியின் முதுகு
தசை முடிச்சு ஆய்வின் தாய் என்று சொல்லத்தக்கவர் டாக்டர் ஜேனட் டிராவல். ஜான் கென்னடி செனட்டராக இருந்த 1955-இலேயே, தாங்க முடியாத முதுகுவலியோடு அவரிடம் வந்தார். தசை முடிச்சுகளில் புரோகேன் என்ற மரப்பு மருந்தை ஊசி மூலம் செலுத்தினார் டிராவல். கென்னடியின் கால்கள் சம நீளத்தில் இல்லை என்று கண்டு, ஒரு காலணிக்குக் குதியுயரம் கூட்டினார். ஆடும் நாற்காலியில் உட்காரச் சொன்னவரும் அவர்தான். 1961-இல் கென்னடி அதிபரானதும் டிராவல் வெள்ளை மாளிகை மருத்துவரானார். அமெரிக்க அதிபரின் சொந்த மருத்துவராக ஒரு பெண் அமர்ந்தது அதுவே முதல் முறை. ஊசி மட்டும் போதாது, காலணி, நாற்காலி, உட்காரும் விதம் எல்லாம் மாற வேண்டும் என்ற அவருடைய பாடம் இன்றும் செல்லும்.

வானத்திலிருந்து தசைக்கு
டிராவலோடு சேர்ந்து தசை முடிச்சுகளைப் பற்றிய பெருநூலை எழுதியவர் டேவிட் சைமன்ஸ். முதல் தொகுதி 1983-இல் வந்தது, இரண்டாவது 1992-இல். அதற்கு முன் இவர் என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா? அமெரிக்க விமானப்படை மருத்துவராக 1957 ஆகஸ்டு 19, 20 தேதிகளில் ஒரு பலூனில் தனியாளாக ஏறி, சுமார் 31 கிலோமீட்டர் உயரத்தைத் தொட்டு, 32 மணி நேரம் கழித்து இறங்கினார். ஸ்புட்னிக் ஏவப்பட்டதே அதற்கு ஆறு வாரங்கள் கழித்துத்தான். பூமியின் வளைவைக் கண்ணால் கண்ட அந்த மனிதர், வாழ்நாளின் பிற்பகுதியை மனிதத் தசையின் ஒரு சிறு புள்ளியை அறிவதற்குக் கொடுத்தார்.

மருந்தா, ஊசியா?
டிராவல் செலுத்திய மரப்பு மருந்துதான் வலியைப் போக்கியதா, அல்லது ஊசி குத்தியதே போதுமானதா? செக் நாட்டு மருத்துவர் காரெல் லெவிட் 1979-இல் இந்தக் கேள்விக்கு விடை தேடினார். 241 நோயாளிகளிடம் 312 வலியிடங்களில் மருந்தில்லாமல் ஊசியை மட்டும் செலுத்தியபோது, 86.8 விழுக்காட்டு இடங்களில் வலி உடனே தணிந்தது என்று எழுதினார். ஊசி போடாத ஒரு குழுவோடு ஒப்பிட்டுச் செய்த ஆய்வு அல்ல அது. ஆனாலும் மருந்தில்லா ஊசிக்கு மருத்துவ உலகின் கதவைத் திறந்தது அந்தக் கட்டுரைதான்.

நம் நாட்டில் பிறந்தவர்
உலர் ஊசியில் 'ஐ.எம்.எஸ்.' (தசையுள் தூண்டல்) என்று தனி முறையை உருவாக்கிய டாக்டர் சான் கன் மலேசிய மண்ணில் பிறந்தவர். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் மருத்துவம் படித்து, பின்னர் கனடாவில் குடியேறினார். நாள்பட்ட தசை வலிக்கு அடிப்படை, தண்டுவடத்திலிருந்து கிளம்பும் நரம்பு வேரின் எரிச்சல் என்பது அவர் கருத்து. அதனால் வலிக்கும் தசையோடு முதுகெலும்பின் ஓரத்துத் தசைகளிலும் ஊசி போடச் சொன்னார். கனடா அரசின் உயர் விருதான 'ஆர்டர் ஆஃப் கனடா' அவருக்கு வழங்கப்பட்டது.

தொழிலாளிகளுக்காகப் பிறந்த ஆய்வு
சான் கன் பணியாற்றியது பணக்காரர்களின் மருத்துவமனையில் அல்ல. வேலையில் அடிபட்டவர்களுக்கு இழப்பீடு தரும் வாரியத்தில்! நாள்பட்ட இடுப்பு வலியால் வேலைக்குப் போக முடியாமல் கிடந்த 56 தொழிலாளிகளை இரு பிரிவாக்கி அவர் குழு 1980-இல் ஆய்வை வெளியிட்டது. வழக்கமான சிகிச்சையோடு ஊசியும் பெற்றவர்கள் தெளிவாக முன்னேறினார்கள். தொழிலாளியை வேலைக்குத் திருப்புவது என்ற நோக்கம் நம் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவுக்கும் உண்டு. மலாக்காவில் அது நடத்தும் துன் அப்துல் ரசாக் மறுவாழ்வு மையத்தின் பணி அதுவே. வேலையிலோ வேலைக்குப் போகும் வழியிலோ அடிபட்ட பெர்கேசோ சந்தாதாரர்கள், பிசியோதெரபி செலவுக்குச் சொந்தப் பணத்தை எடுக்குமுன் பெர்கேசோவிடம் விசாரிப்பது நல்லது.

முதலில் எழுந்து கடைசியில் தூங்கும் தசைநார்
பளு தூக்கினால்தான் தசை கெடும் என்பதில்லை. மெல்லிய இறுக்கம் நீண்ட நேரம் நீடித்தாலும் கெடும். ஒரு வேலை தொடங்கும்போது சின்னஞ்சிறு தசைநார்கள் முதலில் இயங்கத் தொடங்கி, வேலை முழுக்க முடியும்வரை ஓய்வே எடுப்பதில்லை என்ற கருத்தை ஸ்வீடன் ஆய்வாளர் கோரன் ஹாக் 1991-இல் முன்வைத்தார். ஓயாமல் வேலை செய்த சிண்ட்ரெல்லாவின் பெயரையே அதற்குச் சூட்டினார்கள்.

ஒரு கிலோமீட்டர் பாலம், ஒரு மணி நேரத் தோள்வலி
1924-இல் முழுமையாகத் திறக்கப்பட்ட ஜொகூர் கடற்பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டரை அடுத்துத்தான். நெரிசல் நேரத்தில் அதைக் கடப்பதற்குள் எவ்வளவு நேரம் போகும் என்பதை இங்குள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அவ்வளவு நேரமும் தலைக்கவசத்தின் பாரத்தைக் கழுத்தும், கைப்பிடியின் இறுக்கத்தைத் தோளும், பையின் பளுவை முதுகும் தாங்குகின்றன. ஹாக் சொன்ன ஓய்வில்லா உழைப்பு இதுதான். வண்டி நிற்கும்போதெல்லாம் தோளைக் காதுவரை உயர்த்தித் தளர்த்துங்கள். பையை முதுகிலிருந்து இறக்கி வண்டியிலேயே பெட்டி பொருத்திக்கொள்ளுங்கள்.

அக்குபங்சரும் இதுவும் ஒன்றா?
ஊசி ஒன்றுதான், கணக்கு வேறு. அக்குபங்சர் சீன மருத்துவத்தின் நாடிப்பாதைகளை வைத்துப் புள்ளிகளைத் தேர்கிறது. உலர் ஊசி, தசை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எந்த நரம்பு அதை இயக்குகிறது என்று உடற்கூற்றை வைத்துப் போகிறது. 1977-இல் ரொனால்ட் மெல்சாக் குழு இரண்டையும் ஒப்பிட்டு, தசை முடிச்சுகளுக்கும் அக்குபங்சர் புள்ளிகளுக்கும் 71 விழுக்காடு பொருத்தம் இருப்பதாகச் சொன்னது. அந்தக் கணக்கு சரியில்லை என்று பின்னால் வந்தவர்கள் மறுத்தார்கள்.

அரசு மருத்துவமனையிலேயே அக்குபங்சர்
பாரம்பரிய மருத்துவப் பிரிவு தொடங்கப்பட்ட மலேசியாவின் முதல் மூன்று அரசு மருத்துவமனைகளில் ஒன்று நம் ஊரில் இருக்கிறது. கெப்பாலா பத்தாஸ், புத்ராஜெயா ஆகியவற்றோடு ஜொகூர் பாருவின் சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனையும் அந்தப் பட்டியலில் இடம்பெற்றது. நாள்பட்ட வலிக்கும் பக்கவாதத்துக்குப் பிந்தைய மீட்சிக்கும் அக்குபங்சரும் மலாய் உருவுதலும் அங்கே வழங்கப்படுகின்றன. ஊசி சிகிச்சை என்றால் தனியார் நிலையம் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். உங்கள் மருத்துவரிடம் பரிந்துரை கேளுங்கள்.

வர்மத்தோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்
நம் சித்த மரபில் வர்மப் புள்ளிகள் 108 என்பது பெருவழக்கு. படுவர்மம் 12, தொடுவர்மம் 96. அங்கே ஆசான் கையாள்வது விரலின் அழுத்தத்தையும் தடவலையும். உலர் ஊசி வர்மப் புள்ளிகளைத் தேடிப் போவதில்லை. இரண்டும் தனித்தனிக் கல்வி. ஒன்றைக் கற்றவர் மற்றொன்றையும் அறிந்தவர் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இரண்டு சட்டங்கள், இரண்டு மன்றங்கள்
மலேசியாவில் பிசியோதெரபிஸ்டுகள் 2016-ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டத்தின் (சட்டம் 774) கீழ் வருகிறார்கள். அது 2020 ஜூலை 1-இல் நடப்புக்கு வந்தது. அக்குபங்சர், சித்தம், ஆயுர்வேதம் போன்றவற்றுக்கு அதே 2016-இன் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டம் (சட்டம் 775) இருக்கிறது. இரண்டுக்கும் தனித்தனி மன்றங்கள். ஊசி பிடிப்பவர் தம்மைப் பிசியோதெரபிஸ்ட் என்று சொன்னால், 774-இன் கீழ் பதிவும் தொழில் சான்றிதழும் வைத்திருக்க வேண்டும். கேட்டால் காட்டுவது அவர் கடமை, கேட்பது உங்கள் உரிமை.

பட்டம் மட்டும் போதுமா?
போதாது. உலர் ஊசி, பட்டப்படிப்பை முடித்த பிறகு தனியாகக் கற்கும் பயிற்சி. உருவுவதில் கைதேர்ந்தவர், உடற்பயிற்சிக் கூடத்துப் பயிற்சியாளர், இரண்டு காணொளி பார்த்துவிட்டு ஊசி வாங்கியவர் யாரும் இதைச் செய்யலாகாது. "இதற்கென்று எங்கே பயிற்சி பெற்றீர்கள்?" என்ற கேள்விக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்கிறவரிடம் போங்கள்.

நாட்டுக்கு நாடு மாறும் விதி
அமெரிக்காவில் பிசியோதெரபிஸ்டுகள் உலர் ஊசி போட முதலில் அனுமதித்த மாநிலம் மேரிலாந்து. ஆண்டு 1984. அதே நாட்டில் கலிபோர்னியா இந்த சிகிச்சையை அவர்களுக்கு அனுமதிப்பதில்லை. அயர்லாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் இது பரவலான நடைமுறை. அறிவியல் ஒன்றாக இருந்தாலும், யார் கையில் ஊசி இருக்கலாம் என்பதில் உலகம் இன்னும் ஒத்துப்போகவில்லை.

ஒரே ஊசி, ஒரே தடவை
ஒவ்வொரு ஊசியும் கிருமி நீக்கி அடைக்கப்பட்ட உறையிலிருந்து உங்கள் கண்முன் பிரிக்கப்பட வேண்டும். எடுத்தவுடன் கூரிய கழிவுக்கான தடித்த மஞ்சள் பெட்டிக்குள் போக வேண்டும். மலேசியாவில் மருத்துவக் கழிவு 'எஸ்.டபிள்யூ. 404' என்ற எண்ணில் கட்டுப்படுத்தப்பட்ட கழிவு, குப்பைத் தொட்டிக்குரியது அல்ல. பச்சிளங்குழந்தைகளுக்கு ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி இங்கே 1989-இல்தான் தொடங்கியது. அதற்கு முன் பிறந்தவர்களில் பலருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆகவே ஊசி விஷயத்தில் கூச்சம் வேண்டாம். உறை பிரிப்பதைப் பாருங்கள்.

மறுநாள் வலித்தால்?
ஊசி போட்ட இடம் ஓரிரு நாள் கன்றிப்போனது போல வலிப்பது இயல்பு. லேசான நீலத் தழும்பும் வரலாம். வெந்நீர் ஒத்தடம், மெல்லிய நடை, கை கால்களை இதமாக அசைப்பது போதும். மூன்று நாளுக்கு மேல் வலி நீண்டாலோ, அந்த இடம் சிவந்து சூடேறினாலோ, காய்ச்சல் வந்தாலோ மருத்துவரைப் பாருங்கள்.

எவ்வளவு பாதுகாப்பு?
அயர்லாந்தில் 39 பிசியோதெரபிஸ்டுகள் 7,629 சிகிச்சைகளைப் பதிவு செய்து 2014-இல் வெளியிட்ட கணக்கில் நீலத் தழும்பு 7.55 விழுக்காடு, லேசான இரத்தக் கசிவு 4.65 விழுக்காடு. கடுமையான பாதிப்பு ஒன்றுகூட இல்லை. அமெரிக்காவில் 2020-இல் வந்த, இருபதாயிரத்துக்கும் அதிகமான சிகிச்சைகளின் கணக்கில் கடுமையான பாதிப்பு ஏறத்தாழ ஆயிரத்துக்கு ஒன்று. மயங்கி விழுந்ததும் அதில் அடங்கும், ஊசியை எடுக்க மறந்ததும் அடங்கும். போட்ட ஊசிகளை எண்ணி எடுக்கிறாரா என்று கவனியுங்கள்.

நுரையீரல் எங்கே முடிகிறது?
பலர் நினைப்பதைவிட மேலே. நுரையீரலின் உச்சி, காறை எலும்புக்கும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் மேலே, கழுத்தின் அடிப்பகுதிவரை எட்டுகிறது. எல்லாரும் ஊசி கேட்கும் தோள்பட்டைத் தசைக்கு அடியில்தான் அது இருக்கிறது. ஊசி ஆழம் தவறினால் நுரையீரல் உறை துளைபட்டு, காற்று கசிந்து, நுரையீரல் சுருங்கிவிடும். அமெரிக்கப் பனிச்சறுக்கு வீரர் டோரின் யேட்டர்-வாலஸுக்கு 2013-இன் பிற்பகுதியில் விலாப் பக்கம் ஊசி போட்டபோது இதுதான் நேர்ந்தது. பின்னர் மீண்டு வந்து 2014-இல் சோச்சி ஒலிம்பிக்கில் கலந்துகொண்டார்.

இந்த அறிகுறிகள் வந்தால் ஓடுங்கள்
கழுத்து, தோள், முதுகின் மேல்பகுதி, நெஞ்சு ஆகிய இடங்களில் ஊசி போட்ட பிறகு மூச்சுத் திணறல், மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் குத்தல், வறட்டு இருமல் ஏதேனும் வந்தால் 'ஊசி வலிதான்' என்று வீட்டில் படுத்திருக்கக் கூடாது. சில மணி நேரம் கழித்தும் தொடங்கலாம். 999-ஐ அழையுங்கள், அல்லது உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய் ஊசி போட்ட விவரத்தைச் சொல்லுங்கள்.

முன்கூட்டியே சொல்ல வேண்டியவர்கள்
இரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், இரத்தம் உறையாத கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், மார்பகப் புற்றுநோய் அறுவைக்குப் பின் கை வீங்கியிருப்பவர்கள், தோலில் புண்ணோ தொற்றோ உள்ளவர்கள், ஊசியைக் கண்டாலே மயங்குகிறவர்கள் எல்லாரும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஊசியோடு மின்தூண்டலும் கொடுப்பதாக இருந்தால் இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்களும் சொல்ல வேண்டும். வெறும் வயிற்றில் போகாதீர்கள். முதல் முறை படுத்தபடியே ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

சர்க்கரை இருக்கிறதா?
2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, மலேசிய இந்தியர்களில் வயது வந்தோரில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகக் காட்டியது. எல்லா இனங்களையும் சேர்த்தால் 18.3 விழுக்காடுதான். கட்டுக்குள் இல்லாத சர்க்கரையில் தொற்று எளிதில் ஏறும். இன்னொன்றும் உண்டு. நீரிழிவுக்காரர்களுக்குத் தோள் மூட்டின் உறையே இறுகிப்போகும் நோய் மற்றவர்களைவிட அதிகம். கையைத் தூக்கிச் சட்டை போட முடியாது, பின்னால் கொண்டுபோக முடியாது. அது மூட்டு நோய். தசையில் எத்தனை ஊசி போட்டாலும் அது மட்டும் தீர்க்காது.

மாத்திரையும் வலி தரும்
கொலஸ்ட்ராலுக்கான ஸ்டாட்டின் மாத்திரை சிலருக்கு இரு தொடைகளிலும் தோள்களிலும் தசை வலியைக் கொண்டுவரும். புது மாத்திரை தொடங்கிய பிறகு உடம்பெல்லாம் வலித்தால் ஊசிக்குப் போகுமுன் மருத்துவரிடம் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாகவே நிறுத்திவிடவும் கூடாது.

ஊசிக்கு வேலையில்லாத வலிகள்
நெஞ்சில் தொடங்கி இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, கூடவே வியர்வை என்றால் அது மாரடைப்பாக இருக்கலாம். இடுப்பு வலியோடு சிறுநீரோ மலமோ கட்டுப்பாடு இழந்தால், தொடைகளுக்கு நடுவே மரத்துப்போனால், அது அவசர அறுவை தேவைப்படும் நிலை. காரணமில்லாமல் எடை குறைவது, இரவில் தூங்கவிடாத வலி, கால் பாதம் தொங்கிப்போவது எல்லாம் முதலில் மருத்துவர் பார்க்க வேண்டியவை.

உண்மையில் பலன் உண்டா?
பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து அலசிய 2017-ஆம் ஆண்டின் ஆய்வு ஒன்று, பிசியோதெரபிஸ்டுகள் போடும் உலர் ஊசி, பொய்யூசியைவிடவும் சிகிச்சையே இல்லாததைவிடவும் 12 வாரம்வரை வலியைக் கூடுதலாகக் குறைக்கிறது என்றது. அன்றாட வேலைகளைச் செய்யும் திறனில் மற்ற பிசியோதெரபி சிகிச்சைகளைவிட உயர்வாக ஒன்றும் இல்லை என்றும் அதே ஆய்வு சொன்னது. சான்றின் தரமும் மிகக் குறைவு முதல் நடுத்தரம்வரைதான். ஆக, ஊசி ஒரு நல்ல துணை. அற்புத மருந்து அல்ல.

முடிச்சே இல்லை என்பவர்களும் உண்டு
2015-இல் ஜான் குவின்ட்னர் முதலான ஆய்வாளர்கள், தசை முடிச்சுக் கொள்கையே ஆட்டம் காண்கிறது என்று எழுதினார்கள். ஒரே நோயாளியை இரண்டு நிபுணர்கள் தொட்டுப் பார்த்தால் முடிச்சு இருக்கும் இடத்தில் ஒத்துப்போவதில்லை என்பது அவர்களின் வாதங்களில் ஒன்று. வலி உண்மை, அதன் விளக்கம்தான் சர்ச்சைக்குரியது. 'நூற்றுக்கு நூறு குணமாகும்' என்று விளம்பரம் செய்கிறவரை நம்பாமலிருக்க இதுவே போதுமான காரணம்.

ஊசிக்குப் பிறகுதான் உண்மையான சிகிச்சை
வலி தணிந்த அந்தச் சில நாள்கள் மிகவும் மதிப்பானவை. நேற்றுவரை திருப்ப முடியாத கழுத்தைத் திருப்பவும், தூக்க முடியாத கையைத் தூக்கவும், பலவீனமான தசையை மெல்ல வலுப்படுத்தவும் அப்போதுதான் முடியும். பயிற்சி எதுவும் சொல்லிக்கொடுக்காமல் ஊசி மட்டும் போட்டு அனுப்புகிற இடம் பாதி வேலைதான் செய்கிறது. மூன்று நான்கு முறை போட்டும் மாற்றமே இல்லையென்றால், பத்து முறைக்கான பேக்கேஜ் வாங்காதீர்கள். நோயைத் திரும்பவும் கண்டறியச் சொல்லுங்கள்.

கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்
ஒன்று, உங்கள் பதிவுச் சான்றிதழைப் பார்க்கலாமா? இரண்டு, உலர் ஊசிக்கென்று பயிற்சி பெற்றீர்களா? மூன்று, எந்தத் தசையில், எவ்வளவு ஆழம் போடப்போகிறீர்கள்? நான்கு, என் நோய்களுக்கும் மாத்திரைகளுக்கும் இது ஒத்துவருமா? ஐந்து, வீட்டில் நான் செய்ய வேண்டிய பயிற்சி என்ன?

வாசகர்களே, வலியோடு வாழ்வது நம் தலையெழுத்து அல்ல. நம் அப்பா அம்மா தோட்டத்தில் தேய்ந்த உடம்போடு, ஒரு தைலப் புட்டியை நம்பிக் காலம் தள்ளினார்கள். நமக்கு வழிகள் கூடியிருக்கின்றன, கேள்வி கேட்கும் உரிமையும் கூடியிருக்கிறது. உலர் ஊசி தகுந்த கையில், தகுந்த வலிக்கு, பயிற்சியோடு சேர்ந்தால் உதவும். தகுதியில்லாத கையில் அது ஆபத்து. அடுத்த முறை தோள் இறுகும்போது விளம்பரப் பலகையைப் பார்த்துப் போகாமல், பதிவுச் சான்றிதழைப் பார்த்துப் போங்கள். உங்கள் வீட்டிலிருந்து தினமும் பாலம் கடக்கிறவருக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள்.